பெண் வீட்டுக்குப் போன முயல்

முயல் வளர்ப்பைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். எழுதி முடிக்கும் வரை ஒரு முயலைக்கூட அருகில் பார்த்ததில்லை. எழுதி முடித்த பிறகும் முப்பத்தைந்து வருடம் பார்க்கவில்லை. இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என் அசட்டுத்தனங்களை வரிசையாக ஒப்புக்கொண்டு வந்தவன், இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். மற்ற அசட்டுத்தனங்களில் அடிபட்டது நான் மட்டும்தான். இதில் ஓர் அப்பாவிக்குக் காது கிழிந்தது.

தாராவியில் ஒரு மொட்டைமாடி. கீழ்த்தளத்தில் தோல்பை தைக்கும் பட்டறை, மேலே தகரக் கூரை போட்டு முப்பது முயல் கூண்டுகள். பட்டறையிலிருந்து ஏறிவரும் பசை வாடையும், காய்ந்த புல் வாசனையும், முயல்களுக்கே உரிய இன்னொரு வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் உட்கார்ந்திருந்தன. பட்டறைக்கும் முயல்களுக்கும் சொந்தக்காரரான செய்யது பாய், மூலை மடங்கிப் பழுப்பேறிய ஒரு சின்னப் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத எழுதுனவன் யாருன்னு ஒங்களுக்கு எதும் தெரியுமா சார்? நீங்க பத்திரிகையில எழுதுதவங்களாச்சே."

"தெரியாது பாய்" என்றேன்.

அட்டையில் பெயர் இல்லை. உள்ளேயும் இல்லை. என் பெயரைப் போடாமல் விட்ட அந்தப் பதிப்பாளர்மேல் முப்பத்தைந்து வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவர் எவ்வளவு தொலைநோக்குள்ள மனிதர் என்பது அந்த மொட்டைமாடியில்தான் புரிந்தது.

"கைல கெடச்சான்னு வைங்க" என்றார் பாய், நிதானமாக. "அவனயே இந்தக் கூண்டுக்குள்ள விட்டு வெளிய கொண்டி போட்டுருவேன்."

கூண்டின் அளவைப் பார்த்தேன். கஷ்டம்தான்.

மாடிப்படிக்குக் கீழே

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி விஜி. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. அந்த வருடத்தோடு ஓய்வு. முப்பது வருடங்களில் அவள் அந்தப் பள்ளியில் தனக்கென்று கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: மாடிப்படிக்குக் கீழே, கம்பிவலை அடித்த ஒரு கூண்டு.

ஒரு காலத்தில் அதில் வெள்ளெலிகள் இருந்தன, இரண்டு ஆமைகள் இருந்தன. நான் சொல்லும் சமயத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண் முயல். சாம்பல் நிறம், வெள்ளை வயிறு, பெயர் கல்யாணி. கூடப் பிறந்த பெண் முயல் அதற்கு முந்தைய கோடையில் போய்விட்டது.

விஜி தினமும் காலையில் மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் அருகம்புல் வாங்குவாள். பாதி பிள்ளையாருக்கு, பாதி கல்யாணிக்கு. பிள்ளையார் பங்கு சில நாள் குறையும். கல்யாணி பங்கு குறைந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்குப் புதிதாக வந்த பிரின்சிபால் அம்மாளுக்கு அந்த இடத்தின்மேல் கண். ஆசிரியர்களின் மின்சார ஸ்கூட்டர்களுக்கு சார்ஜ் ஏற்ற வேறு இடம் இல்லை. ஒற்றை முயலுக்கு ஓர் அறை என்பது நியாயமா என்று கேட்டார். விஜி ஏழாம் வகுப்பின் இனப்பெருக்கப் பாடத்தைச் சொன்னாள். "ஒரு முயலை வைத்துக்கொண்டு என்ன இனப்பெருக்கம் நடத்துவீர்கள்?" என்றார் பிரின்சிபால். 

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. டிசம்பர் விடுமுறைக்குள் குட்டிகள் வந்தால் கூண்டு இருக்கும். வராவிட்டால், விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை தச்சர் வந்து பிரித்துவிடுவார். முயலை "யாராவது எடுத்துக்கொள்வார்கள்."

அந்த யாராவது யார் என்று விஜிக்குத் தெரியும். முயலை எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்று விதி. அந்த விதிக்கு, ஓட்டை எதுவும் விழாதபடி, வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அன்று இரவு சாப்பாட்டில் விஜி, நான் இரண்டாவது தடவை ரசம் கேட்டபோது பாத்திரத்தையே என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைத் தாங்க முடியாமல் நான் சொன்ன வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"முயல் விஷயத்தை என்கிட்ட விடு. நான் புஸ்தகமே எழுதியிருக்கேன்."

உரிய முறையில்

அந்தப் புத்தகம் எழுதிய கதையைச் சொல்ல வேண்டும்.

கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்த காலம். சயானில் ஒரு பதிப்பாளர் தமிழில் சிறு கைத்தொழில் நூல்கள் போட்டுக்கொண்டிருந்தார். காளான், மெழுகுவத்தி, ஊறுகாய், தேனீ. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, "இத கொஞ்சம் பெருக்கித் தமிழ்ல குடுங்கோ" என்பார். தேனீயை நான் நாற்பது பக்கம் பெருக்கினேன். முயலுக்கு அதிகம் பெருக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே பெருகும் என்பதுதான் அப்போது முயலைப் பற்றி எனக்கிருந்த முழு அறிவு.

ஆங்கிலப் பிரசுரத்தில் ஒரு வரி இருந்தது. இணை சேர்க்கும்போது பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்கு எடுத்துப் போக வேண்டும், ஒருபோதும் ஆணைப் பெண்ணின் கூண்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

நான் அதை அச்சுப் பிழை என்று முடிவு செய்தேன்.

பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பெண்ணைக் கூடையில் தூக்கிப் போய் மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டு வருவது எங்களில் கேள்விப்படாத காரியம். மாப்பிள்ளைதான் வருவார். கல்யாணம் பெண் வீட்டார் பொறுப்பு, சாந்தி முகூர்த்தமும் பெண் வீட்டில்தான். வெள்ளைக்காரன் ஏதோ குழப்பிவிட்டான் என்று எண்ணி, இடத்தை மாற்றி எழுதினேன்: "ஆண் முயலைப் பெண் முயலின் கூண்டுக்கு உரிய முறையில் அழைத்துச் செல்லல் வேண்டும்."

'உரிய முறையில்' என்பது என் சொந்தச் சேர்க்கை.

பிறகு எனக்கே கல்யாணம் ஆனபோது அந்த வரி சரி என்றுதான் பட்டது. செம்பூரில் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை முந்நூறு அடிதான், நாதஸ்வரத்துடன் நாற்பது நிமிடம் ஆனது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தவில்காரர் கொஞ்ச நேரத்தில் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே போனேன். யாரும் கடிக்கவில்லை.

இந்த அனுபவ பலத்துடன்தான் முதல் தடவை செய்யது பாயிடம் போனேன். ஆண் முயல் ஒன்றை ஒரு நாள் இரவல் கேட்டேன்.

"பழக்கம் உண்டா சார்?" என்றார் பாய்.

"எல்லாம் படிச்சிருக்கேன்."

படித்தவன் என்றதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு நம் ஊர்களில் நேரும் தீங்குகளில் இது முக்கியமானது. வெள்ளையும் கறுப்புமாக, தாடை கனத்த ஒரு முயலை மூங்கில் கூடையில் போட்டுக் கொடுத்தார். பேர் என்ன என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வைக்கிறதில்ல. நாலாம் நம்பர்."

சனிக்கிழமை மதியம், பள்ளியில் யாரும் இல்லாத நேரம். விஜி கூண்டைக் கழுவி, புதுப் புல் பரப்பி வைத்திருந்தாள். நாலாம் நம்பரை நான் இரண்டு கையாலும் ஏந்தி, உரிய முறையில், உள்ளே விட்டேன்.

கல்யாணி புல் தின்பதை நிறுத்தினாள். பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். மரப் பலகையில் சுத்தியல் விழுவது போன்ற சத்தம். அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. கூண்டு முழுக்க ரோமம் பறந்தது. நடுவில் ஒரு கணம் நாலாம் நம்பர் அவள்மேல் ஏறினான், ஆனால் தலைப்பக்கமாக. அதற்குள் அவன் இடது காது நுனி இரண்டாகப் பிளந்துவிட்டது.

"எடுங்கோன்னா, எடுங்கோ அவன" என்றாள் விஜி. "கொன்னுடுவா."

எடுத்தேன். என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். மாலையில் கூடையைப் பட்டறையில் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்து, "பாய்கிட்ட ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை அவர் திறப்பதற்கு முன் டாக்ஸி பிடித்தேன்.

பதினேழாம் நாள்

பதினேழு நாள் கழித்து விஜியிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கல்யாணி தன் மார்பு ரோமத்தை வாயால் பிடுங்கிப் பிடுங்கி மூலையில் குவித்திருந்தாள். மெத்தை. குட்டிக்கு மெத்தை போடும் முயல் அப்படித்தான் செய்யும் என்று என் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்த வரியில் நான் எதையும் திருத்தவில்லை.

விஜி ஏழாம் வகுப்புக்குச் சொன்னாள். ஏழாம் வகுப்பு பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது. பிரின்சிபால் வாட்ஸ்ஆப்பில் ஒரு பூங்கொத்து அனுப்பினார். சுவரில் பிள்ளைகள் கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டி, முப்பத்தொன்று வரை நாள் எண்ணினார்கள்.

முப்பத்தொன்று வந்தது. போனது. முப்பத்தைந்தாம் கட்டத்தை ஒரு பெண் பென்சிலால் கூடுதலாக வரைந்தாள். கல்யாணி குவித்து வைத்த ரோமத்தின்மேல் தானே ஏறிப் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்றாள்.

"மேடம், கூகுளில் முப்பத்தொரு நாள் என்றுதான் போட்டிருக்கிறது" என்றார் பிரின்சிபால். தச்சரிடம் தேதி உறுதி செய்தாகிவிட்டது என்பதையும் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த விஜி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க எழுதின புஸ்தகத்த வாங்கி யாராவது முயல் வளத்திருக்காளா?"

அதற்குப் பதில் அடுத்த நாள் காலையில் தாராவி மொட்டைமாடியில் எனக்குக் கிடைத்தது.

இரண்டு ஊர், ஒரே தப்பு

செய்யது பாய் நாலாம் நம்பரைக் கீழேயிருந்து தூக்கிவந்து காதைக் காட்டினார். ஆறியிருந்தது, ஆனால் பிளவு பிளவாகவே நின்றுவிட்டது.

"இத ஆரு சார் பண்ணுனது?"

"பெண் முயல்."

"கெடாவ அவ கூண்டுல கொண்டு விட்டியளா?"

"ஆமாம்."

"அப்படிப் பண்ணச் சொல்லி ஆரு சொன்னா?"

"ஒரு புத்தகத்தில் இருந்தது."

பாய் கீழே இறங்கிப் போய்ப் புத்தகத்துடன் வந்தார். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். சயான் ஸ்டேஷன் நடைபாதையில் பல வருடத்துக்கு முன் வாங்கியதாம். படித்துவிட்டு முதன்முதலாக ஒரு ஜோடி வாங்கினாராம். ஊரிலிருந்து ரயிலில் வரவழைத்த, கை நிறைய எடையுள்ள ஆண் முயல். புத்தகம் சொன்னபடி பெண்ணின் கூண்டில் விட்டிருக்கிறார்.

"காத மட்டும் கடிச்சிருந்தா பரவால்லியே சார். அவ கடிச்ச எடம் வேற. அன்னிக்கோட அவன் சன்னியாசி. ஏழு வருசம் இருந்தான். தின்னான், தூங்குனான், ஒரு பொட்டயத் திரும்பிப் பாக்கல."

நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டுவது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் 'உரிய முறையில்' என்பதன் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"பொட்ட முயலுக்குத் தன் கூண்டுன்னா தன் கூண்டுதான் சார். அவ வாடை அடிக்கிற எடத்துல இன்னொரு உசுரு காலு வைக்கக் கூடாது. அவளத் தூக்கிட்டுப் போய்க் கெடா கூண்டுல விட்டா, எடம் புதுசு, வாடை புதுசு, செத்த நேரம் தெகச்சு நிப்பா. அதுக்குள்ள ஜோலி முடிஞ்சிரும்."

மெத்தை போட்டாளே என்று கேட்டேன். பொய்க் கர்ப்பம் என்றார். ஆண் ஏறிய பரபரப்பே போதும், உடம்பு ஏமாந்துபோகும், பதினேழு பதினெட்டு நாள் கழித்து ரோமத்தைப் பிடுங்கும், பிறகு மறந்துபோகும்.

"ஒரு சந்தேகம் பாய். அந்த வரியப் படிச்சப்ப தப்புன்னு ஒங்களுக்குத் தோணலியா?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "தோணலியே. எங்க ஊரு கடக்கரை ஊரு சார். எங்க பக்கத்துல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போவாரு. கல்யாணத்துக்கு மட்டும் இல்ல, ஆயுசுக்கும் அங்கதான். அதனால படிச்சப்ப, செரியாத்தான எழுதிருக்கான், நம்ம ஊருக்காரனா இருப்பான் போலன்னு நெனச்சேன்."

அவரும் அப்படித்தான் மாமியார் வீட்டில் எட்டு மாதம் இருந்தாராம். "கறிச்சோறு போடுவாங்க சார், கொற சொல்ல முடியாது. ஆனா தும்முனாக்கூட நாலு பேரு என்னன்னு பாப்பாங்க." எட்டாம் மாதம் மனைவியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறியவர்தான். தாராவியில் பட்டறை வைத்தது அப்படித்தான் நடந்தது. "முயலுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. எனக்கு எட்டு மாசமாச்சு."

பாலக்காட்டு மாப்பிள்ளை ஒருவன் தப்பாக எழுதியதை, கடற்கரை ஊர் மாப்பிள்ளை ஒருவர் சரியென்று நம்பியிருக்கிறார். மதநல்லிணக்கத்துக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு அதுதான்.

மூன்று விநாடி

மறுபடி முயல வேண்டுமென்றால் கல்யாணியைத் தாராவிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் பாய். உடனே வேண்டாம். அக்டோபர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆண் முயல்கள் களைத்துக் கிடந்தன. ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார். சூட்டில் ஆணின் விந்து கெட்டுவிடும், தேறி வரச் சில வாரம் பிடிக்கும், அதற்கு முன் சேர்த்தால் சேர்ந்ததாகத்தான் இருக்கும், குட்டி இருக்காது. இருந்த பதினொரு ஆண்களில் நாலாம் நம்பர் மட்டும் கீழே பட்டறையில், மின்விசிறிக்கு எதிரே இருந்தான். காது விஷயத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த சலுகை. எனவே அவனேதான் என்று முடிவாயிற்று.

இன்னொரு நிபந்தனை: பிஸ்கட்டை நிறுத்த வேண்டும். கொழுத்த முயல் சினை பிடிக்காது. ஏழாம் வகுப்பு மனமில்லாமல் நிறுத்தியது. இரண்டு வாரம் கல்யாணி புல்லையும் வெந்தயக்கீரைத் தண்டையும் தின்றுகொண்டு எல்லோரையும் முறைத்தாள்.

தீபாவளி முடிந்த வாரம் விஜி கல்யாணியைக் கூடையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு டாக்ஸியில் உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவள் முகம்.

"இப்படி நாமளே தூக்கிண்டு போறது என்னமோ மாதிரி இருக்குன்னா" என்றாள்.

நாலாம் நம்பரைக் கூண்டோடு மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பாய் கல்யாணியை மல்லாத்தி வாலடியைப் பார்த்தார். வெளிறியிருந்தால் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான், சிவந்திருந்தால் சம்மதம் என்று விஜிக்கு விளக்கினார். விஜி ஒரு மாணவியைப் போலக் குனிந்து பார்த்தாள். சிவந்திருந்தது.

முகூர்த்தம் பார்க்க வேண்டாத பிராணி முயல். மாட்டுக்கு இருப்பதைப் போல நாள் கணக்கு கிடையாது. ஆணுடன் சேர்ந்த பிறகுதான், சுமார் பத்து மணி நேரம் கழித்து, கருமுட்டையே வெளிவருகிறது. பஞ்சாங்கம் முழுவதையும் இப்படி ஒரே வீச்சில் ஓரம் கட்டிய உயிர் வேறு உண்டா, எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் விஜியின் கண் மர ஸ்டூலில் கிடந்த புத்தகத்தின்மேல் பட்டது. எடுத்தாள். சிவப்புக் கோடு போட்ட பக்கம் தானாகத் திறந்துகொண்டது. வாசித்தாள்.

"ஏன்னா, இது நீங்க எழுதினது. 'உரிய முறையில்'னு வேற யார் எழுதுவா?"

பாயின் கை கல்யாணியின் பிடரியில் இருந்தது. அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாய், நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல வேண்டாம் சார்" என்றார் பாய். "இவளப் பிடிங்க."

வழக்கமாகப் பிடிக்க வேண்டியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று கல்யாணியை நாலாம் நம்பரின் கூண்டுக்குக் கொண்டுபோகும் வேலை முழுவதும் எனக்கே தரப்பட்டது. முயலின் பின்னங்கால் நகங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என்னென்ன செய்யும் என்பது என் புத்தகத்தில் இல்லாத விஷயம். பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். விஜியும் பார்த்தாள். இருவருக்கும் அன்றுதான் அறிமுகம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

உள்ளே விட்டேன். கல்யாணி மூலையெல்லாம் மோந்து பார்த்தாள். திகைத்து நின்றாள். நாலாம் நம்பர் கிழிந்த காதை ஒரு தடவை அசைத்தான். சரியாக மூன்று விநாடி. கீச்சென்று ஒரு குரல் கொடுத்துப் பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தான்.

"ஐயோ, என்னாச்சு அவனுக்கு?" என்றாள் விஜி.

"ஆச்சு மேடம்" என்றார் பாய். "விழுந்தாத்தான் ஆச்சுன்னு அர்த்தம்."

சாயங்காலம் வரை வைத்திருந்து இன்னொரு தடவை சேர்த்தார். குட்டி எண்ணிக்கை கூடுமாம். நான் அதற்குள் என் கைக்கு மருந்து போட்டுக்கொள்ளக் கீழே போயிருந்தேன். பாயின் மனைவி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொடுத்து அனுப்பியிருந்தார். டீயும் வந்தது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீயில் மட்டும் சர்க்கரை இரண்டு ஸ்பூன் அதிகம்.

பெட்டிக்குள் அசைவு

பதினான்காம் நாள் பாயே பள்ளிக்கு வந்தார். கல்யாணியின் வயிற்றுக்கு அடியில் விரல்களை மெதுவாக ஓட்டினார். கூண்டைச் சுற்றி ஏழாம் வகுப்பு மூச்சுவிடாமல் நின்றது.

"திராச்சப் பழம் மாதிரி உருளுது. இருக்கு. அஞ்சோ ஆறோ."

இந்தத் தடவை விஜி பிரின்சிபாலிடம் சொல்லவில்லை. தாளில் கட்டம் போடவும் விடவில்லை. ஒரு தடவை பூங்கொத்து வாங்கியவள்.

பட்டறைக்குத் தோல் வந்த பலகைப் பெட்டி ஒன்றை அறுத்துப் பிரசவப் பெட்டி செய்து அனுப்பினார் பாய். இருபத்தெட்டாம் நாள்தான் வைக்க வேண்டும், முன்னாலேயே வைத்தால் அதைக் கழிப்பிடமாக்கிவிடுவாள் என்று சொல்லியிருந்தார். இருபத்தெட்டாம் நாள் வைத்தோம். கல்யாணி ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், புல் தின்றாள். ரோமத்தில் ஒரு இழையைக்கூடப் பிடுங்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் வியாழக்கிழமை. ஒன்றுமில்லை. சனிக்கிழமை தச்சர். மதியமே பிளக் பாயிண்ட் போடும் ஆள் வந்து, மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் மூன்று பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். விஜி அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. என்ன பதில் போடுவது என்று தெரியாமல் மாலை வரை போனை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தேன். வேடிக்கையாக எழுதிச் சம்பாதிப்பவனுக்குச் சில சமயம் இப்படி ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு விஜி போனில் பேசினாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"பொட்டி நிறைய ரோமம். அது அசையறதுன்னா."

ஆறு குட்டிகள். கண் மூடியவை, முடி இல்லாதவை, கட்டைவிரல் நீளம். நான் போய்ப் பார்த்தபோது அவை உயிருள்ளவை என்பதற்கு அந்த ரோமக் குவியலின் ஏற்ற இறக்கம்தான் அடையாளம். கல்யாணி கூண்டின் மறுகோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காரட் இலை தின்றுகொண்டிருந்தாள்.

பிரின்சிபால் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தாய் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கக்கூட இல்லை. இப்படி விட்டுவிட்டால் பிழைக்குமா?"

"முயல் அப்படித்தான் மேடம்" என்றாள் விஜி. "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் குடுக்கும். மூணு நாலு நிமிஷம். மத்த நேரம் கிட்டயே போகாது. பக்கத்துல இருந்தா எதிரிக்கு எடம் தெரிஞ்சுடுமேன்னு தள்ளியே இருக்கும். அக்கறை இல்லாம இல்ல."

பிரின்சிபால் தினமும் தொலைவிலிருக்கும் நெருளிலிருந்து வருகிறவர். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கப் போகும் சமயத்தில் திரும்புகிறவர் என்று விஜி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவர் அந்த ரோமக் குவியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது, அப்போதும் நின்றார்.

பிறகு, கேன்டீனுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஸ்கூட்டர்களை அங்கே விட்டுக்கொள்ளலாம் என்றார். பியூனைக் கூப்பிட்டுத் தச்சருக்கு போன் செய்யச் சொன்னார். சுவரில் இருந்த சாக்பீஸ் குறிகளை விஜி தன் புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள். முப்பது வருடத்தில் அவள் புடவையில் சாக்பீஸ் படிந்து நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் மாட்டுங்காவில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேரே தாராவிக்குப் போனேன். ஏதோ எனக்கே பிறந்த மாதிரி ஒரு நடை வந்துவிட்டிருந்தது. படி ஏறி, பெட்டியைத் திறந்து பாய் முன்னால் வைத்தேன்.

"என்ன சார், வீட்டுல எதும் விசேசமா?"

"கல்யாணி குட்டி போட்டுட்டா பாய். ஆறு."

பாய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நிதானமாக மென்று விழுங்கினார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"முயலு குட்டி போடலன்னா வந்து சொல்லுங்க சார். அதான் சேதி."